பிறை போட்ட ரூபாய், தாமரை போட்ட ரூபாய்

ஆற்காடு ரூபாய் என்று பெயர் வாங்கிய வெள்ளிக்காசுகளில் பெரும்பங்கு ஆற்காட்டில் அடித்தவை கிடையாது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் அடித்தார்கள். சென்னையில் ஆங்கிலேயர்கள் அடித்தார்கள். வங்காளத்தில்கூட அடித்தார்கள். எங்கே அடித்தாலும் காசின் ஒரு பக்கத்தில் பாரசீக எழுத்தில் ஊர்ப்பெயர் ஒன்றுதான்: ஆர்காட். வேலூரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய் இறங்கிவிடக்கூடிய ஊரின் பெயரைப் போடாமல் டாக்கா நெசவாளரிடம் துணி வாங்க முடியாத காலம் ஒன்று இருந்திருக்கிறது. நான் வெள்ளிக்காசு சேர்ப்பது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் என்று சொன்னாலும் தப்பில்லை.

காசு சேர்ப்பவர்களில் பல வகை உண்டு. தேதி வாரியாக அடுக்குபவர்கள் இருக்கிறார்கள். ராஜா ராணி தலை போட்ட ரூபாயைப் புதுக்கருக்கு மாறாமல் தேடுபவர்கள் இருக்கிறார்கள். என் கை போவது தேய்ந்த காசு பக்கம்தான். அதிலும் பலர் கைபட்டு, சோதிக்கப்பட்டு, குத்துப்பட்டு, சந்தேகத்தோடு வாங்கப்பட்டுக் கைமாறிய காசு என்றால் விடமாட்டேன். வெள்ளி நம்ம மண்ணில் கிடைக்கிற பொருள் இல்லை. தமிழ்நாட்டுக்கு வந்த வெள்ளி எல்லாம் எங்கிருந்தோ வந்ததுதான். அந்நியச் சரக்கான ஒரு உலோகத்தை இங்கே இருந்தவர்கள் எந்த நம்பிக்கையில் கைநீட்டி வாங்கினார்கள் என்பதைக் காசின் மேலேயே படிக்க முடியும்.

இது இன்று நேற்று தொடங்கியதும் இல்லை. நம் நாட்டின் மிகப் பழைய காசு முத்திரைக் காசு. வெள்ளித் தகட்டைத் துண்டாக வெட்டி, எடை சரிபார்த்து, சூரியன், மரம், மலை, ஆறு கை கொண்ட சக்கரம் என்று ஒவ்வொரு முத்திரையாகத் தனித்தனியே குத்தியிருப்பார்கள். எடை பெரும்பாலும் 3.3 கிராமை ஒட்டி நிற்கும். மூலை வெட்டியிருந்தால் எடை கூடியதற்காக வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். போடிநாயக்கனூரில் இப்படிப்பட்ட காசுகள் ஆயிரத்துக்கும் மேல் ஒரே புதையலாகக் கிடைத்தன. பின்பக்கம் மீன் போன்ற குறி இருப்பதால் பாண்டியர் அடித்தவை என்பது ஆய்வாளர்கள் கருத்து. அப்புறம் ரோமானியர் வந்தார்கள். கோயம்புத்தூர் பக்கம் வெள்ளலூர், கத்தாங்கண்ணி போன்ற இடங்களில் குடம் குடமாக தினாரியஸ் என்ற ரோமானிய வெள்ளிக்காசு கிடைத்திருக்கிறது. பெரும்பாலும் அகஸ்டஸ், திபேரியஸ் தலைகள். கி.பி. 64இல் நீரோ மன்னன் காசின் எடையையும் வெள்ளியின் தரத்தையும் குறைத்தான். அதற்குப் பிந்தைய வெள்ளிக்காசு தமிழகப் புதையல்களில் அரிது. காசில் கலப்படம் கூடியதை இங்கே இருந்த வணிகர்கள் கண்டுபிடிக்காமல் இருந்திருப்பார்கள் என்று என்னால் நம்ப முடியாது.

கரூர் அமராவதி ஆற்றில் கிடைத்த மாக்கோதை காசை இங்கே சொல்லாமல் நகர மனம் வரவில்லை. ரோமானியக் காசு மாதிரியே அரசன் தலை, பக்கவாட்டில். ஆனால் தலைக்கு மேலே தமிழி (தமிழ் பிராமி) எழுத்தில் ‘மாக்கோதை’ என்ற பெயர். உலோகம் வெளியூர், உருவம் வைக்கும் பழக்கம் வெளியூர், பெயர் சேரனுடையது. காசு அச்சடிப்பது என்றால் என்ன என்று ஒருவருக்குச் சொல்ல வேண்டும் என்றால் நான் இந்தக் காசின் படத்தைத்தான் காட்டுவேன்.

வட ஆற்காடு பக்கம் வெள்ளி மெதுவாகத்தான் வந்தது. செங்கம் அருகே ஆண்டிப்பட்டியில் கிடைத்த புகழ்பெற்ற சேந்தன் காசுகள் ஈயம். பிற்காலத்தில், விஜயநகர ஆட்சியிலும் நாயக்கர் ஆட்சியிலும் பெரிய கணக்கு தங்க வராகனிலும் பணம் என்ற சிறு காசிலும் ஓடியது, சில்லறை செப்புக்காசில் ஓடியது. சென்னையில் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிக் கணக்கில் ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. இந்தக் கணக்குக்குள் வெள்ளி ரூபாய் நுழைந்தது முகலாயரோடுதான். செஞ்சியைப் பிடித்த முகலாயப் படையின் பின்னாலேயே ரூபாயும் வந்தது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கர்நாடக நவாபுகள் (இன்றைய கர்நாடக மாநிலம் இல்லை, இந்தத் தமிழ்ப் பகுதிக்கு அன்று இருந்த பெயர்) ஆற்காட்டைத் தலைநகராக ஆக்கினார்கள். அங்கே ஒரு நாணயசாலையும் இருந்தது. அங்கே அடித்த ரூபாய்க்கு எடையும் தரமும் ஒழுங்காக இருந்ததால் பெயர் வந்தது.

அந்தப் பெயரைத்தான் எல்லோரும் கேட்டார்கள். ஐரோப்பியக் கப்பல்கள் கொண்டுவந்த சரக்கில் முக்கியமானது வெள்ளி. மெக்சிகோவிலும் பெருவிலும் தோண்டிய வெள்ளி, ஸ்பானிய டாலராகவும் கட்டியாகவும் ஐரோப்பா சுற்றி சோழமண்டலக் கரையில் வந்து இறங்கும். ஆனால் நெசவாளர் கையிலும் தரகர் கையிலும் ஸ்பானிய ராஜாவின் காசைக் கொடுத்தால் எடை பார்த்து, தரம் பார்த்து, வட்டம் (கழிவு) பிடித்துக்கொண்டுதான் வாங்குவார்கள். அதையே ரூபாயாக அடித்துக் கொடுத்தால் எண்ணி வாங்குவார்கள். அந்த வித்தியாசத்தில் இருந்த லாபம் லேசுப்பட்டதில்லை. அதனால்தான் புதுச்சேரி கவர்னர் துய்மா 1736இல் நவாப் தோஸ்த் அலி கானிடமிருந்து ஆற்காடு ரூபாய் அடிக்கும் உரிமையை வாங்கினார். ஆங்கிலேயர்களும் சும்மா இருக்கவில்லை. 1742இல் அவர்களும் அந்த அனுமதியைப் பெற்றார்கள்.

இரண்டு பேர் அடித்த காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முதல் பார்வைக்கு ஒன்றுதான். அதே பாரசீக வாசகம், அதே தில்லி பாதுஷா பெயர், அதே ஆற்காடு. எடையும் 11.4 கிராமைச் சுற்றி. வித்தியாசம் ஒரு சின்னக் குறியில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் காசில் ஒரு பிறை. ஆங்கிலேயர் சென்னையில் அடித்ததில் ஒரு தாமரை. ஆட்சியாண்டு எழுதியிருக்கும் பக்கத்தில், எழுத்துக்களின் இடுக்கில், மிளகுக்குக் கொஞ்சம் பெரிய அளவில் அது உட்கார்ந்திருக்கும். என்னிடம் இருக்கிற பிறைக் காசில் பிறையின் ஒரு நுனி தேய்ந்து போயிருக்கிறது. லென்ஸ் வைத்துச் சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால்தான் முழு வளைவும் தெரியும்.

இந்த இரண்டு குறிக்கும் நடுவில் நம்ம பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் ஒரு நூற்றாண்டு ரத்தம் இருக்கிறது. 1749 ஆகஸ்டில் ஆம்பூரில் நடந்த சண்டையில் நவாப் அன்வருத்தீன் கொல்லப்பட்டார். எதிர்ப்பக்கம் நவாப் பதவிக்குப் போட்டி போட்ட சந்தா சாகிபும் அவருக்குத் துணையாகப் பிரெஞ்சுப் படையும். அன்வருத்தீன் மகன் முகம்மது அலி ஆங்கிலேயர் பக்கம் போனார். 1751இல் கிளைவ் ஆற்காடு கோட்டையைப் பிடித்துக்கொள்ள, சந்தா சாகிபின் மகன் ராசா சாகிப் ஐம்பது நாள் முற்றுகை போட்டார். 1760 ஜனவரி 22ஆம் தேதி வந்தவாசியில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட், பிரெஞ்சுத் தளபதி லாலியைத் தோற்கடித்தார். மறு வருடம் புதுச்சேரியே விழுந்தது. ஆம்பூர், ஆற்காடு, வந்தவாசி. மூன்றும் பள்ளிக்கூடப் பாடத்தில் தேதியாக வந்து போகிற பெயர்கள். இரண்டு தரப்புப் படையிலும் இருந்த சிப்பாய்களில் மிகப் பலர் இந்த நாட்டு ஆட்கள். அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க இரண்டு கம்பெனிக்கும் ரூபாய் வேண்டும். ஒருவரை ஒருவர் அழிக்க நின்ற இரண்டு படைகளின் கஜானாவிலும் ஒரே பாதுஷா பெயர், ஒரே ஊர்ப்பெயர். பிறையும் தாமரையும் மட்டும் வேறு. கடைத்தெருவில் இரண்டும் ஓடின. எனக்கு இதைவிடப் பெரிய சரித்திர ஆவணம் ஒன்றைக் கையில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்ததில்லை.

காசில் இருக்கும் வாசகத்தைப் படிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் மேல்விஷாரத்தில் ஒரு பெரியவர். உருதும் பாரசீகமும் அறிந்தவர். “பாய், இதுல ஆற்காடு எங்க இருக்கு?” என்று நான் கேட்டதும் காசை வாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பி, குச்சி முனையால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். “அலிஃப், ரே, காஃப், அலிஃப், தே. பாருங்க தம்பி, தே-க்கு மேல ரெண்டு புள்ளி இருக்கணும். அச்சு பெருசு, காசு சிறுசு. அதான் புள்ளி வெளிய போயிடுச்சு.” இந்தக் கடைசி வார்த்தைதான் பெரிய பாடம். கையால் அடித்த காலத்தில் அச்சு, காசை விட அகலமாக இருக்கும். கீழ் அச்சை அடிக்கட்டையில் பொருத்தி, வெள்ளி வில்லையை மேலே வைத்து, மேல் அச்சைப் பிடித்து ஒருவர் சம்மட்டியால் ஓங்கி அடிப்பார். வில்லை எங்கே உட்காருகிறதோ அந்தத் துண்டு வாசகம் மட்டும்தான் அதில் பதியும். முழு வாசகத்தையும் ஒரே காசில் பார்க்க முடியாது. நான்கைந்து காசு சேர்த்து ஒன்றில் இல்லாததை இன்னொன்றில் பார்த்துத்தான் முழுசாகப் படிக்க வேண்டும். ஒரே வகைக் காசை எதற்கு நிறைய வாங்குகிறாய் என்று வீட்டில் கேட்கிறார்கள். காரணம் இதுதான்.

முழுசாகப் படித்தால் ஒரு பக்கம் பாதுஷா காஸி ஆலம்கீரின் மங்கலமான நாணயம் என்று வரும். மறுபக்கம் செழிப்பு நிறைந்த ஆட்சியின் 6ஆம் ஆண்டு, ஆற்காட்டில் அடித்தது என்று வரும். இந்த ஆலம்கீர் ஔரங்கசீப் இல்லை. இரண்டாம் ஆலம்கீர். 1754இல் பட்டத்துக்கு வந்தவர். தன் வசீர் (அமைச்சர்) இமாத் உல் முல்க் ஏற்பாட்டில் 1759 நவம்பரில் தில்லியில் கொலை செய்யப்பட்டார். சென்னைக் காசில் இருக்கும் ஹிஜ்ரி ஆண்டு 1172. அது 1758 செப்டம்பரிலிருந்து 1759 ஆகஸ்ட் வரை. அதாவது அவர் உயிரோடு இருந்த கடைசிக் காலம். அதற்கு மேல் அந்த ஆண்டு நகரவே இல்லை. அவர் செத்து, அடுத்தவர் வந்து, ஹைதர் அலி ஆற்காட்டைப் பிடித்து, திப்பு கோட்டைச் சுவரை இடித்து, 1801இல் கர்நாடகமே கம்பெனி கைக்குப் போய், 1806இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்து நின்று, அப்புறமும் சென்னை நாணயசாலை 1172, 6ஆம் ஆண்டு என்றே அடித்துக்கொண்டிருந்தது. 1807இல் இயந்திரம் வந்து, காசு வட்டமாகி, விளிம்பில் கோடு விழுந்த பிறகும் அதே தேதி. தில்லியில் இருந்த ஒரு பாவப்பட்ட மனிதர் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இங்கே காசில் மட்டும் ஆட்சி செய்தார்.

ஏன் மாற்றவில்லை என்று யோசித்தால், பழகிய முகத்தைத்தான் சராப்பு நம்புவான். வங்காளத்தில் ஆண்டு பார்த்து ரூபாய்க்கு வட்டம் பிடிக்கும் வழக்கம் பெரிய தலைவலியாக இருந்ததால், அங்கேயும் கம்பெனி பின்னால் வந்த பாதுஷா ஷா ஆலமின் 19ஆம் ஆட்சியாண்டில் தேதியை நிறுத்தி வைத்தது. நவாப் முகம்மது அலியே ஆற்காட்டை விட்டுவிட்டு சென்னை சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டி உட்கார்ந்துவிட்டார். பாதுஷா இல்லை, நவாபும் ஊரில் இல்லை, நாணயசாலையும் வேறு ஊரில். காசின் மேல் ஊர்ப்பெயர் மட்டும் அப்படியே நின்றது.

சராப்பு என்றேன். காசு மாற்றுபவர், தரம் பார்ப்பவர். ஒவ்வொரு காசையும் சுண்டிப் பார்த்து, சந்தேகம் வந்தால் சின்ன உளியால் ஓரத்தில் குத்திப் பார்ப்பார்கள். உள்ளே செம்பு இருந்தால் சிவப்பாகத் தெரிந்துவிடும். நல்ல காசு என்றால் தங்கள் அடையாளமாகச் சின்ன முத்திரை ஒன்றைக் குத்தி அனுப்புவதும் உண்டு. என்னிடம் இருக்கிற தாமரைக் காசு ஒன்றில் அந்த மாதிரிக் குறிகள் நெருக்கமாக விழுந்திருக்கின்றன. ஒன்று நட்சத்திரம் போல. ஒன்று வெறும் வட்டம், நடுவில் புள்ளி. இன்னொன்று பாதுஷா பெயரின் மேலேயே விழுந்து ஒரு எழுத்தைத் தின்றுவிட்டது. விற்றவர் இதைக் ‘கெட்டுப்போன பீஸ்’ என்று சொல்லி விலை குறைத்துக் கொடுத்தார். ஏலங்களிலும் இப்படித்தான், குறி விழுந்த காசுக்கு மதிப்புக் குறைவு. எனக்கு இந்த அளவுகோலே ஒப்புக்கொள்ள முடியாதது. ஓரம் மழுங்காத காசு யாரோ பெட்டியில் போட்டுப் பூட்டியது. குத்துப்பட்ட காசுதான் சந்தைக்குப் போனது, துணிக்கும் நெல்லுக்கும் கைமாறியது, பெயர் தெரியாத ஒரு சராப்பின் திண்ணையில் சுண்டப்பட்டு, இது நல்லது என்று சொல்லப்பட்டது. அந்த மனிதரின் கையெழுத்து அது.

வேலூர் லாங்கு பஜாரில் தலைமுறையாக வெள்ளி வேலை செய்யும் பத்தர் ஒருவரோடு எனக்குப் பழக்கம். காசைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து அவர் சுண்டுகிற விதமே தனி. காதருகே கொண்டுபோக மாட்டார். சத்தம் தானாக வரும்வரை சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். “பழைய ஆற்காட்டுக் காசுல வெள்ளி ஜாஸ்தி தம்பி. எங்க தாத்தா காலத்துல கொலுசுக்கு அதைத்தான் தேடி உருக்குவாங்க” என்றார். கேட்க மனசு ஆறவில்லை. நல்ல வெள்ளியாக இருந்ததே அந்தக் காசுகளுக்கு எமனாகியிருக்கிறது. எத்தனை பிறையும் தாமரையும் கொலுசாக, அரைஞாணாக, குங்குமச் சிமிழாகப் போயிருக்கும். தப்பியவற்றிலும் பல, காசுமாலையில் கோக்க வளையம் பற்றவைத்தவை. பற்றவைத்த இடத்தில் எழுத்து அழிந்திருக்கும். ஆனாலும் நான் அப்படிப்பட்ட காசை ஒதுக்குவதில்லை. ஒரு பெண் அதைக் கழுத்தில் போட்டிருந்தாள் என்பதும் அந்தக் காசின் சரித்திரம்தானே.

இயந்திரக் காலத்துக் காசுகளில் நான் மறுபடி மறுபடி எடுத்துப் பார்ப்பது 1807க்குப் பிறகு சென்னையில் வந்த இரட்டை ரூபாயும் அரை வராகன் வெள்ளியும். ஸ்பானிய டாலரை உருக்கக்கூட நேரமில்லாமல் அதன் மேலேயே புது அச்சை அடித்திருக்கிறார்கள். நல்ல அரை வராகனாக அமைந்தால் கோபுரத்தின் ஓரத்தில் ஸ்பானிய எழுத்து ஒன்று எட்டிப் பார்க்கும். மெக்சிகோ வெள்ளி, ஸ்பெயின் ராஜா, சென்னைக் கம்பெனி, கோபுரம், மறுபக்கம் பெருமாள், சுற்றித் தமிழும் தெலுங்கும். எல்லாம் ஒரே தகட்டில்.

1818இல் கணக்கே மாறியது. சென்னை மாகாணத்தில் வராகன் போய் ரூபாய் நிலையான கணக்காகியது. 100 நட்சத்திர வராகனுக்கு 350 ரூபாய் என்று விகிதம் வைத்தார்கள். ரூபாயின் எடை 180 கிரெயின் (ஆங்கிலேயரின் சிறு எடை அளவு), அதில் சுத்த வெள்ளி 165. 1835இல் இந்தியா முழுமைக்கும் ஒரே ரூபாய் என்று நான்காம் வில்லியம் தலை போட்டு அடித்தபோது எடுத்துக்கொண்டது இந்தச் சென்னை ரூபாயின் எடையையும் தரத்தையும்தான். அதே 180 கிரெயின்தான் தோலா. பத்து தோலா பார் என்று இன்றும் கடையில் சொல்கிறார்களே, அந்தத் தோலா.

இப்போது கொஞ்சம் கறாராகப் பேச வேண்டிய விஷயம். போலிகள் நிறைய வந்துவிட்டன. ஆற்காடு ரூபாயைவிட முத்திரைக் காசிலும் ரோமானியக் காசிலும் போலி அதிகம், விலை அதிகம் என்பதால். அடித்த காசுக்கும் வார்த்த காசுக்கும் வித்தியாசம் லென்ஸில் தெரியும். வார்த்ததில் மேற்பரப்பு சின்னச் சின்னத் துளையாக இருக்கும், எழுத்தின் விளிம்பு மழுங்கி இருக்கும், ஓரத்தில் அச்சு சேர்ந்த கோடு ஓடும். அடித்ததில் எழுத்தின் அருகே உலோகம் நெளிந்து ஓடிய தடம் இருக்கும். எடை முதல் சோதனை. நகைக்கடைத் தராசு போதும். ரூபாயில் இரண்டு கிராம் குறைந்தால் பேச்சே வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கருத்துப்போன காசைத் தேய்க்காதீர்கள். புளி, விபூதி, பூந்திக்கொட்டை, பற்பசை எதுவும் வேண்டாம். வெள்ளியின் மேல் படிகிற கறுப்பு, காற்றில் இருக்கிற கந்தகத்தோடு சேர்ந்து உண்டாவது. அது மெல்லிய தோல் மாதிரி காசை மூடியிருக்கும். தேய்த்தால் கறுப்போடு சராப்புக் குறியின் நுனியும் போகும். மலிவான பிளாஸ்டிக் உறையில் வருடக்கணக்காகப் போட்டு வைத்தால் பச்சைப் பிசின் பிடிக்கும். அமிலம் இல்லாத காகித உறைதான் நல்லது. தனித்தனியாக, ஒன்றோடு ஒன்று உரசாமல் வையுங்கள்.

மண்ணில் கிடைத்த காசு என்றால் விஷயமே வேறு. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசை நாட்டை விட்டுத் தனியார் கொண்டுபோக 1972 சட்டம் விடாது. சட்டத்துக்குப் பயந்து மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. ஏர் ஓட்டும்போது ஒரு குடம் காசு கிடைத்து, அதைப் பத்துப் பேர் பிரித்துக்கொண்டு பத்து ஊரில் விற்றால், பத்து வெள்ளித்துண்டு மட்டும்தான் மிஞ்சும். எந்த ஊர், எந்த நிலம், கூட என்ன இருந்தது, அதில் கடைசியாக எந்த மன்னன் காசு இருந்தது என்ற எல்லாமே போய்விடும். கோயம்புத்தூர் பக்கத்துத் தினாரியஸ் பற்றி இன்று இவ்வளவு பேச முடிகிறது என்றால், கிடைத்த இடமும் கூட இருந்த காசுகளும் எழுதி வைக்கப்பட்டதால்தான். அப்படிக் கிடைத்த காசு வேலூர்க் கோட்டைக்குள் இருக்கிற அரசு அருங்காட்சியகம் மாதிரி ஒரு இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால் நானும் போய்ப் பார்ப்பேன், உங்கள் பிள்ளைகளும் பார்ப்பார்கள்.

வீட்டில் வழிவழியாக வந்த காசு வேறு. ராணிப்பேட்டை, ஆற்காடு, ஆரணி, வந்தவாசி, ஆம்பூர் பக்கம் உங்கள் பாட்டியின் பெட்டியில், காசுமாலையில், சாமி அறைச் சிமிழில், கோணல் வட்டமாகத் தடித்த வெள்ளி ரூபாய் ஒன்று கிடக்கலாம். தலை இருக்காது, பாரசீக எழுத்து மட்டும் இருக்கும். ராஜா தலை இல்லையே, செல்லாத காசு என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். லென்ஸ் வைத்துப் பிறையா தாமரையா என்று பாருங்கள். குத்துக்குறி இருந்தால் அதையும் சேர்த்துப் படம் எடுத்து அனுப்புங்கள். அந்தப் பாட்டி பிறந்த ஊர், வாழ வந்த ஊர், காசு யார் வழியில் வந்தது என்பதையும் எழுதுங்கள். எந்தப் பக்கம் பிறை அதிகம் ஓடியது, எந்தப் பக்கம் தாமரை ஓடியது என்று ஊர்வாரியாக ஒரு குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் ஆரணிப் பக்கம் இன்னும் காலியாக இருக்கிறது.